சின்னவள் இலை

அத்தியாயம் 11

"பெரியவளுக்கு வாயே கிடையாதா, எதற்கெடுத்தாலும் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறாளே" என்று சில வாசகிகள் என் மேல் பாய்ந்திருக்கிறார்கள். வாய் இருக்கிறது அம்மா. இந்த வாரம் திறக்கிறாள். திறந்ததற்கு அவளுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்துவிட்டு, மிச்சமிருக்கும் திட்டைத் திட்டுங்கள்.

இன்றுதான் முதன்முதலாக இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரு அப்பா, இரண்டு பெண்கள். அம்மா போய்ச் சேர்ந்தாகிவிட்டது. அப்பாவைத் தெருவே புறாக்காரர் என்றுதான் கூப்பிடும். மொட்டை மாடி நிறையப் புறா வளர்த்து, அவற்றின் இறகுத் தூசியும் எச்சத் தூசியும் வருஷக்கணக்கில் மூச்சோடு உள்ளே போய், கடைசியில் நுரையீரல் அழற்சி என்று படுக்கையில் விழுந்தார். புறா வீட்டில் இருக்கக் கூடாது, ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பெரியவள் ஆளைக் கூப்பிட்டுப் புறாக்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டாள். அதை அவர் இன்று வரை மன்னிக்கவில்லை.

சின்னவளுக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. வேலியோரம் முளைக்கிற ஒரு கசப்பு இலையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அது நுரையீரல் வீக்கத்தைக் குறைக்கிறதா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறாள். "எலிக்கு நல்லா கேக்குதுப்பா" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். மாத்திரையால் முகம் ஊதிவிட்டது என்று ஏற்கெனவே கடுப்பில் இருந்த மனுஷர், மாத்திரை அத்தனையையும் கழிப்பறையில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு இலைச் சாறுதான் மருந்து.

பெரியவள் டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "இத்தனை நாள் போட்டதைத் திடீர்னு நிறுத்தினா ஆள் சுருண்டு விழுந்துடுவார்மா. எப்படியாவது உள்ள போயாகணும்" என்றார். எப்படி என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மாத்திரையைப் பொடி செய்து இலைச் சாற்றில் கலந்தாள். இலைக்கும் கசப்பு, மாத்திரைக்கும் கசப்பு. அப்பாவுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

அப்பா தேறினார். மாடிப்படி ஏறினார். தெருவெல்லாம் சின்னவளின் புகழ் பாடினார். அந்தச் செடிக்குத் தெருவில் இப்போது பெயரே சின்னவள் இலைதான்.

கதை இவ்வளவுதான். இன்றைய காலைக்கு வருவோம்.

பெரியவள் அடுப்படியில் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சின்ன உரலில் இலையை இடித்துப் பிழிந்து இரண்டு கிளாஸில் ஊற்றியாகிவிட்டது. ஒன்று அப்பாவுக்கு, ஒன்று எதிர்வீட்டு டெய்லர் மாமாவுக்கு. இடுப்பில் சொருகியிருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, வெள்ளைப் பொடியை அப்பாவின் கிளாஸில் தட்டினாள். கரண்டிக் காம்பால் கலக்கினாள். தினமும் செய்கிற வேலை. ஆனாலும் தினமும் அந்த நேரத்தில் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வாள்.

டெய்லர் மாமாவும் பழைய புறா ஆள்தான். இரண்டு பேரும் ஒரே மாடியில் நின்று விசிலடித்து, ஒரே தூசியைச் சுவாசித்து, ஒரே டாக்டரிடம் போய் விழுந்தவர்கள். அப்பா குணமானதைப் பார்த்துவிட்டு அவரும் போன மாதத்திலிருந்து காலையில் ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் போகிறார். குடித்தால் குடித்துவிட்டுப் போகட்டும், இலையால் கெடுதல் ஒன்றுமில்லையே என்று பெரியவள் இருந்துவிட்டாள்.

இன்று அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவில்லை. நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருமல் நின்று, மூச்சு வந்து, அப்புறம்தான் கால் நகர்ந்தது.

"என்ன டெய்லரே, எதிர்வீட்டுலேர்ந்து வர்றதுக்கே லாரி தள்ளின மாதிரி மூச்சு வாங்குது?" என்றார் அப்பா. அவர் நாற்காலியில் சாய்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். முகம் பளபளவென்று உருண்டிருந்தது. முன்பு அந்த முகத்தைக் கண்ணாடியில் பார்த்து மாத்திரையைத் திட்டியவர், இப்போது அதே முகத்தைத் தடவிப் பார்த்து, உடம்பு பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறார்.

"ரெண்டு நாளா படுக்க முடியல அண்ணே. உக்காந்தேதான் தூங்குறேன்."

"விஷம் வெளிய போகுதுய்யா. எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு."

அப்பாவுக்கு ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை. பெரியவள் தட்டோடு நின்றாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மாமா, மாத்திரை ஒழுங்காப் போடுறீங்கல்ல?"

டெய்லர் மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா முந்திக்கொண்டார்.

"எதுக்குப் போடணும்? நான்தான் போன மாசமே நிறுத்தச் சொல்லிட்டேன். இலையும் மாத்திரையும் ஒரே வயித்துக்குள்ள போனா ரெண்டும் அடிச்சுக்கும். என்னைப் பாரு, நான் போடுறேனா?"

பெரியவள் குனிந்து தட்டைப் பார்த்தாள். தட்டில் இரண்டு கிளாஸும் ஒரே பச்சையாக இருந்தன. ஒரு கணம் தட்டைத் திருப்பி, பொடி கலந்த கிளாஸை டெய்லர் மாமா பக்கம் நீட்டலாமா என்று கை யோசித்தது. ஆனால் டெய்லர் மாமாவுக்குச் சர்க்கரை உண்டு. அவருக்கு டாக்டர் எழுதிய அளவும் வேறு.

"என்ன மரமாட்டம் நிக்கிறே? குடு" என்றார் அப்பா. தன் கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டெய்லர் பக்கம் திரும்பினார். "இவ கையில எதுவும் தங்காது டெய்லரே. புருஷன் தங்கல. என் புறா தங்கல. சின்னவ மட்டும் இல்லன்னா நானும் தங்கியிருக்க மாட்டேன்."

டெய்லர் மாமா சங்கடத்தோடு சிரித்து வைத்தார். பிறகு தன் கிளாஸைக் குடித்தார். வெறும் இலை.

அங்கேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருந்தால் அப்பா அந்த நிமிஷமே விரலை விட்டு வாந்தி எடுத்திருப்பார், மறுநாளிலிருந்து தண்ணீர்கூட அவள் கையால் வாங்கியிருக்க மாட்டார். அவரைக் காப்பாற்ற மூடிய வாய் இன்னொருவரைக் கொல்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் தான் வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூலுக்குப் போன் போட்டு லீவு சொன்னாள். சின்னவளைப் பார்க்கப் பஸ் ஏறினாள். படித்தவள், அவள் சொன்னால் அப்பா கேட்பார் என்ற ஒரே நம்பிக்கைதான்.

ஆராய்ச்சிக்கூடத்தின் வாசலில் பெயர் எழுதி, அடையாள அட்டை வாங்கி, நீல உறையைச் செருப்பின் மேல் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். தாழ்வாரம் முழுக்க ஸ்பிரிட் நெடியும் எலிக் கூண்டு நெடியும் கலந்து வந்தது. குளிர்ப்பெட்டிகள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன.

சின்னவள் வெள்ளைக் கோட்டோடு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அவள் அக்காவைக் கட்டிக்கொண்டு வருஷங்களாகிவிட்டன.

"அக்கா, நீ எப்படிக் கரெக்டா இன்னிக்கு வந்தே? காலையிலதான் கோட் உடைச்சோம்."

"என்ன உடைச்சீங்க?"

சின்னவள் அவளை ஒரு மேஜைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடித் தகடுகளில் எலிகளின் நுரையீரல் துண்டுகள் மெல்லிய ஊதா நிறத்தில் ஒட்டியிருந்தன. தகட்டின் மேல் வெறும் எண்தான். எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்கு வெறும் தண்ணீர் என்பது பார்த்து மார்க் போடுகிறவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் எந்த எண் எது என்கிற உறையைப் பிரிப்பார்கள். அப்படி ரகசியத்தைப் பிரிப்பதைத்தான் கோட் உடைத்தோம் என்கிறாள்.

"மூக்கு வழியாப் புகையா குடுத்த எலிக்கெல்லாம் வீக்கம் நல்லா வத்தியிருக்கு. இங்க பாரு, எவ்வளவு சுத்தமா இருக்கு."

"வாய் வழியா?"

சின்னவள் உதட்டைப் பிதுக்கினாள். "ஒண்ணுமே இல்ல. தண்ணி குடிச்ச எலியும் அதுவும் ஒண்ணுதான். வயித்துக்குள்ள போனா கல்லீரல் அதை உடைச்சுக் கழிச்சுடுது. ரத்தத்துக்கு வந்தே சேரல."

"அப்பா வாயாலதானே குடிக்கிறார்?"

"அதான் விஷயமே." சின்னவளின் கண் மின்னியது. "எலிக்குக் கேக்கல, ஆனா மனுஷனுக்குக் கேக்குது. எங்க புரொபசர்கிட்ட அப்பாவோட பழைய எக்ஸ்ரேயையும் புது எக்ஸ்ரேயையும் காட்டினேன். மனுஷன் ஆடிப் போயிட்டார். வெள்ளிக்கிழமை பணம் போடப்போற கம்பெனிக்காரங்க வர்றாங்க. அப்பாவை நேர்ல கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கார். எனக்குத் தனி ரூம், தனி டீம் தர்றதாப் பேச்சு."

பெரியவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நின்றுகொண்டு சொல்ல முடியும் என்று தோன்றவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். பொடி, பொட்டலம், உரல், கரண்டிக் காம்பு, டெய்லர் மாமாவின் மூச்சு.

சின்னவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை. கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள், குழாயைத் திறந்து கையை நிதானமாகக் கழுவினாள், துடைத்தாள்.

"எப்பலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்தே."

"ஒரு நாள்கூட விடல?"

"விட முடியுமா?"

சின்னவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அவர் முகம் இன்னும் உருண்டையாவே இருக்கேன்னு எனக்கு ஒரு தடவை தோணுச்சு."

"அப்போ உனக்குத் தெரியுமா?"

"தோணுச்சுன்னுதான் சொன்னேன். கேக்கல."

தகட்டில் பெயர் எழுதினால் மனசு சாய்ந்துவிடும் என்று சொன்ன அதே வாய்தான் இது. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்து கேட்காமல் விட்டிருக்கிறாள்.

"சரி, இப்போ நீ வந்து அப்பாகிட்ட சொல்லு. இன்னிக்கே வா. டெய்லர் மாமா தாங்க மாட்டார்."

"அவருக்கும் போடு."

"என்னது?"

"அவர் கிளாஸ்லயும் போடு. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். அப்புறம் நான் பக்குவமா எடுத்துச் சொல்லிக்கிறேன்."

பெரியவள் தங்கையின் முகத்தையே பார்த்தாள். குழந்தையில் இடுப்பில் தூக்கிச் சுமந்தவளின் முகம். "அவருக்குச் சர்க்கரை இருக்குடி. கண்டபடி போட்டா ஏறிப்போகும். டாக்டர் பார்க்காம நான் எப்படி..."

"இத்தனை நாள் அப்பாவுக்கு மட்டும் யாரைக் கேட்டுப் போட்டே? அப்பல்லாம் நீதான் டாக்டர். இப்ப மட்டும் பயமா?" சின்னவளின் குரல் உயரவே இல்லை. "உண்மையைச் சொல்லட்டா? உனக்கு அது பிடிச்சிருந்தது. எல்லாரும் என்னைத் தூக்கி வச்சு ஆடும்போது, உள்ளுக்குள்ள, இது என் வேலைடா முட்டாள்களான்னு சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கே. உன் வாழ்க்கையில நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான். இல்லன்னா என்கிட்டயாவது சொல்லியிருக்க மாட்டியா?"

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இது உண்மையாக இருந்ததால் தாங்க முடியவில்லை. அப்பா திட்டத் திட்ட, அவர் தொண்டையில் இறங்குவது எது என்று தனக்கு மட்டும் தெரியும் என்கிற ருசி அவளுக்கு இருந்தது. சின்னவளைத் தெரு கொண்டாடும்போது அவளைப் பார்த்து ஒரு இளக்காரமும் இருந்தது. பெரியவள் நல்லவள்தான். ஆனால் அந்த அளவுக்கு நல்லவள் இல்லை.

"நான் சொல்லிடப் போறேன்" என்று எழுந்தாள்.

"சொல்லு. யார் நம்புறாங்கன்னு பாரு" என்றாள் சின்னவள். வாசல் வரைக்கும் கூடவே வந்து, அடையாள அட்டையை ஞாபகமாகத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. ஹாலில் டெய்லர் மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். உதட்டில் ரத்தமே இல்லை. பக்கத்தில் அவர் மனைவி. தெருவில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் சட்டை தைத்துக் கொடுத்த, ஒரு வார்த்தைக்கு மேல் பேசாத டெய்லர் அத்தை.

"வந்துட்டியா மகாராணி? இங்க ஆள் துடிக்குது. ரெண்டு மடங்கா இலை போட்டு இடி" என்றார் அப்பா.

"மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"நான் என்ன சொன்னேன், நீ என்ன சொல்றே?"

"இலையால ஒண்ணும் ஆகாதுப்பா." பஸ்ஸில் வரும்போது பக்குவமாகச் சொல்ல எத்தனையோ வாக்கியங்கள் யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. "உங்களைக் காப்பாத்தினது இலை இல்ல. மாத்திரை. நான்தான் பொடி பண்ணி உங்க கிளாஸ்ல கலந்துட்டு வர்றேன். மாமாவுக்கு அது கலக்கல. அதான் அவருக்கு இப்படி ஆயிடுச்சு."

அப்பா காலை ஆட்டுவதை நிறுத்தினார். அப்புறம் சிரித்தார்.

"பார்த்தீங்களா டெய்லரே? வயித்தெரிச்சல். கூடப் பொறந்தவ பேரு வாங்குறது பொறுக்கல."

"உங்க முகத்தைப் பாருங்கப்பா. மாத்திரை போட்டப்ப ஊதின மாதிரியே இன்னும் இருக்கு."

"நல்லாச் சாப்பிடுறேன், நல்லாத் தூங்குறேன். அதுவும் உனக்குக் கண்ணு உறுத்துதா?"

அவள் இடுப்பிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். பாதி அட்டை காலியாகியிருந்தது. அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல்முறையாக அந்த முகத்தில் ஒரு பயம் ஓடியது. அதைக் கண்டு பெரியவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அவர் போனை எடுத்தார். சின்னவளைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, உன் அக்கா ஏதோ உளறுறா. என்னைக் காப்பாத்தினது உன் இலையா, மாத்திரையா? உன் வாயால ஒரே வார்த்தை சொல்லு. நான் நம்புறேன்."

மறுமுனையில் குளிர்ப்பெட்டிகளின் உறுமல் கேட்டது. பெரியவள் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினாள். நீ பேர் வாங்கு, ரூம் வாங்கு, என்னவோ வாங்கு, இதை மட்டும் சொல்லிவிடு.

"இலைதான்பா" என்றாள் சின்னவள்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அக்காவைத் திட்டாதீங்கப்பா, பாவம். காலையில இங்க வந்தப்பவே அவ நிதானத்துல இல்ல. டெய்லர் மாமாவுக்கு ரொம்ப முடியலன்னா டாக்டர்கிட்ட காட்டிக்கட்டும், வேற ஏதாவது இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் அப்பா பேசியதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. எழுதக்கூடியதை மட்டும் சொல்கிறேன். அட்டையைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "பெத்த அப்பனுக்கு என்னத்தையோ கலந்து குடுத்தேன்னு நீயே நாலு பேர் முன்னாடி ஒத்துக்கிட்டே. தேவைப்பட்டா போலீஸ்ல காட்டுவேன்" என்றார். இனிமேல் தன் சாற்றைத் தானே இடித்துக்கொள்வதாகச் சொன்னார்.

"திடீர்னு நிறுத்தக் கூடாதுப்பா. டாக்டர்..."

"பார்க்கலாம், எவ சொன்னது பலிக்குதுன்னு."

சொன்னபடியே எழுந்து போய் இலையை இடித்து, தன் கையாலேயே டெய்லர் மாமாவுக்கு ஒரு கிளாஸ் கொண்டுவந்து நீட்டினார். டெய்லர் மாமா பெரியவளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். ஒரு பக்கம் கல்லாட்டம் நிற்கிற ஆள், இன்னொரு பக்கம் அழுது வீங்கிய ஒரு பெண். யாரை நம்புவார்? குடித்தார். டாக்டர் பேச்சை எடுத்தபோது வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார். அத்தை அவரைத் தாங்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கு நடத்திப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் மட்டும் திரும்பி வந்தாள். கிளாஸைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் பெரியவளைக் கேட்டுக்கு வெளியே கூப்பிட்டாள்.

"அவரோட மாத்திரையை நான் தூக்கிப் போடல. எடுத்து வச்சிருக்கேன்."

"அத்தை, உடனே டாக்டர்கிட்ட..."

"வரமாட்டார். உங்கப்பா அப்படி நிமிர்ந்து நிக்கிற வரைக்கும் வரமாட்டார். நான் சொல்லி எதைக் கேட்டிருக்கார்? எப்படிக் கலந்தே, அதை மட்டும் சொல்லு."

பெரியவள் சொன்னாள். நைசாகப் பொடிக்க வேண்டும், சாறு கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும், சாப்பிட்ட பிறகு கொடுக்க வேண்டும். டாக்டரின் போன் நம்பரையும் கொடுத்து, இன்றைக்கே பேசி அளவு கேட்டுக்கொள்ளச் சொன்னாள், சர்க்கரையைச் சொல்ல மறக்காதீர்கள், மூச்சு இன்னும் மோசமானால் அவர் திட்டினாலும் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள் என்றாள். அத்தை தலையை ஆட்டிவிட்டு அவள் கன்னத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துப் போனாள். அன்று முழுவதும் அவளுக்குக் கிடைத்த ஒரே நல்ல காரியம் அது.

அத்தை தெருவைத் தாண்டிய பிறகுதான் பெரியவளுக்குப் பொறி தட்டியது.

டெய்லர் மாமா சீக்கிரமே தேறிவிடுவார். தேறி, நேராக இங்கே வந்து, அண்ணே உங்க இலை என்னைத் தூக்கி நிறுத்திடுச்சு என்பார். சின்னவள் இலைக்கு இரண்டு சாட்சி ஆகிவிடும். அதே நாட்களில் அப்பாவுக்கு உள்ளே மாத்திரை இருக்காது. மூச்சு முட்டும். முட்ட முட்ட, குணமான டெய்லரைக் காட்டிக் காட்டி இன்னும் கொஞ்சம் இலையை இடிப்பார். அவள் சொன்னது உண்மை என்று நிரூபிக்க அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். அப்பாவின் நுரையீரல் பேசும்.

அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த இனிப்போடு நின்றாள். பிறகு தன்னையே பார்த்துப் பயந்துபோனாள்.

அவர் கிளாஸ் தன் கைக்குத் திரும்பி வர ஒரே வழிதான் இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் சொன்னது பொய்ப்பா."

அப்பா சட்டைப் பையிலிருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"பொறாமையில சொல்லிட்டேன். அந்த அட்டை எங்கயோ கிடந்தது, எடுத்துக் காட்டினேன். இலைதான் உங்களைக் காப்பாத்துச்சு."

"இதை என்கிட்ட சொன்னாப் பத்தாது. அவகிட்டச் சொல்லு."

போனை அவரே போட்டுக் கொடுத்தார். மறுபடியும் ஸ்பீக்கர். பெரியவள் சொன்னதையே திரும்பச் சொன்னாள். நான் பொய் சொன்னேன், உன் பேரைக் கெடுக்கப் பார்த்தேன், மன்னிச்சுடு. சின்னவளுக்கு இது எதற்கு என்று புரியாமலா இருக்கும்? கண்டிப்பாகப் புரிந்தது. அவள் மூச்சை இழுத்து விட்ட சத்தம் கேட்டது.

"சரிக்கா. மன்னிச்சுட்டேன்" என்றாள்.

அப்பாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. கையை நீட்டிப் பெரியவளின் தலையைத் தடவினார். அவர் அப்படித் தடவி எத்தனை காலமாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை.

"நானும் மன்னிச்சுட்டேன். போ, போய்ச் சாப்பிடு."

"காலையில சாறு நான் இடிச்சுத் தர்றேன்பா."

"வேண்டாம்மா. மன்னிச்சது வேற, அது வேற. என் கிளாஸை மட்டும் இனிமே நீ தொடாதே" என்று அன்பாகவே சொல்லிவிட்டு, அப்பா அடுப்படிக்குப் போய்க் காலைக்கு வேண்டிய இலையை எடுத்துத் தண்ணீரில் போட்டார்.